வெசெக்ஸ் பங்காளி

எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் ஒருவர் இருக்கிறார். பகலில் கணக்கர். இரவு பத்து மணிக்கு மேல் வெசெக்ஸ் அரசர். ‘குருசேடர் கிங்ஸ் 3’ என்ற கணினி விளையாட்டைத் திறந்து, 867-ஆம் ஆண்டைத் தேர்ந்தெடுத்து, இங்கிலாந்தின் தெற்குப் பக்கத்தைத் தொட்டுவிட்டால் அப்புறம் பால்காரர் மணியடித்தால்தான் எழுந்திருப்பார்.

‘நாங்க’ என்றுதான் பேசுவார். “865-ல டேன்காரன் பெரும்படையோட வந்து இறங்கிட்டான் சார். அடுத்த வருஷமே யார்க் கைவிட்டுப் போச்சு. எங்ககிட்ட ஆள் ஏது?” லிஃப்டில் இதைக் கேட்ட ஒரு பெரியவர், ஏதோ நிலத்தகராறு என்று நினைத்து நல்ல வக்கீல் ஒருவரின் எண்ணைக் கொடுத்தார். பெரியவர் ஒன்றும் பெரிய தவறு செய்துவிடவில்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஒரு சனிக்கிழமை அவருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வாள், குதிரை, பற்றி எரியும் கோட்டை என்று எதிர்பார்த்துப் போனவன் கண்டதெல்லாம் வரன் பார்க்கும் படலம். பெண் எந்த ஊர், மாமனாருக்கு எவ்வளவு படை, வயசென்ன, குணமென்ன? ‘மேதை’ என்று குறி போட்ட பெண் பவேரியாவில் இருந்தாலும் விடமாட்டார். போர் நடக்கும்போது காப்பி போடப் போய்விட்டார். அது தானாக நடந்துகொள்ளுமாம். கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும் ஸ்பேஸ் பாரைத் தட்டி உலகத்தையே நிறுத்திவிடுகிறார்.

அவருடைய நிஜ எதிரி டேன்காரன் இல்லை, பாகப்பிரிவினை. ஆட்டத்தின் தொடக்ககாலச் சட்டப்படி அரசன் கண்ணை மூடினால் நாடு மகன்களுக்குள் பிரிந்துவிடும். மூத்தவனுக்கே எல்லாம் என்கிற சட்டம் கைக்கு வர 1200-ஐத் தாண்டவேண்டும். ஆகவே, நான்காவது ஆண்குழந்தை பிறந்த செய்தி திரையில் வந்தால் இவர் முகம் செத்துப்போகிறது. “வின்செஸ்டர் ஒருத்தனுக்கு, டெவன் ஒருத்தனுக்குன்னு கூறு போட்டா, இங்கிலாந்து எப்ப சார் ஆகிறது?” ஒரு பிள்ளையைத் துறவியாக்கி மடத்தில் சேர்த்தார். இன்னொருவனை வீரனாக்கி ஒவ்வொரு சண்டைக்கும் அனுப்பினார். அந்தப் பாவி ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தான். மூன்றாமவன் விஷயத்தில் ஒற்றர் தலைவரைக் கூப்பிட்டார். வெற்றி வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று திரையே சொல்லிவிடுகிறது. நிஜத்தில் இவர் கரப்பான்பூச்சியை முறத்தில் ஏந்தி வெளியே விட்டுவிட்டு வருகிற மனிதர்.

நிஜ வெசெக்ஸ் அரசகுடும்பமும் லேசுப்பட்டதல்ல. ஏதெல்வுல்ஃப் என்ற அரசரின் பிள்ளைகளில் நால்வர் வரிசையாக ஆண்டார்கள்: ஏதெல்பால்ட், ஏதெல்பெர்ட், ஏதெல்ரெட், 871-ல் கடைக்குட்டி ஆல்ஃபிரட். வாசலில் நின்று “ஏதெல்!” என்று கூப்பிட்டிருந்தால் அரண்மனையே எழுந்து வந்திருக்கும். இதில் ஏதெல்பால்ட், தகப்பனார் 858-ல் இறந்ததும் அவருடைய இளம் மனைவி ஜூடித்தைத் தானே கட்டிக்கொண்டார். இதைச் சொல்லும்போது நம்மவர் குரலைத் தாழ்த்தி, அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். சொந்தப் பெரியப்பா செய்த காரியத்தைச் சொல்வது மாதிரி.

‘அயர்ன்மேன்’ முறையில் மட்டுமே ஆடுவேன் என்பது அவருடைய குலப்பெருமை. அதில் பழைய இடத்துக்குத் திரும்பிப்போக வழியில்லை, வந்ததை ஏற்கவேண்டும். ஆனால் ஆல்ஃபிரட் வாரிசில்லாமல் சாகிற நிமிஷத்தில் மட்டும் அவர் வீட்டில் மின்சாரம் போய்விடுகிறது. எங்கள் வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

இதே இனத்தில் 1066-காரர் என்று இன்னொரு வகை உண்டு. ஹரால்ட் காட்வின்சனாக ஆடுகிறவர். அவருக்கு ஆட்டம் தொடங்குவதே செப்டம்பர் 15. நிஜ ஹரால்ட் அதே மாதம் 25-ஆம் தேதி வடக்கே ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் நார்வேக்காரனை முடித்துவிட்டு, தெற்கே ஓடிவந்து, அக்டோபர் 14-ல் ஹேஸ்டிங்ஸில் நார்மன்களிடம் உயிரை விட்டார். அந்த வகைக்காரரோடு உட்கார்ந்து பேச நேரமே கிடைப்பதில்லை.

நம்மவரிடம் பேச நேரம் ஏராளம். 878-ல் டேன்காரர் தலைவன் குத்ரம் துரத்த, ஆல்ஃபிரட் ஏதெல்னி சதுப்பு நிலத்தில் ஒளிந்திருந்தார். அப்போது ஒரு குடிசையில் வீட்டுக்காரி அடுப்பில் பார்த்துக்கொள்ளச் சொன்ன ரொட்டியைக் கருகவிட்டு, அரசர் என்று அறியாத அந்தம்மாவிடம் திட்டு வாங்கினார் என்பார்கள். “கட்டுக்கதை சார், ரொம்பப் பிந்தி எழுதினது” என்று அவர் ஆதாரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுக்களையிலிருந்து தோசை தீயும் வாசனை வந்தது. இங்கே திட்டிய அம்மாளுக்கு இவர் யாரென்று நன்றாகவே தெரியும்.

திட்டி முடித்த கையோடு போனை நீட்டினார்: “என்னங்க, ஊர்லேருந்து உங்க அண்ணன். நிலத்தை அளந்தாச்சாம். கிணத்துப் பக்கம் வேணுமா, ரோட்டுப் பக்கம் வேணுமான்னு கேக்கிறார்.”

திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை அவர். “எதையோ ஒண்ணை எழுதிக்கச் சொல்லு. இங்க மெர்சியாவுல கட்டிக்கொடுத்த பொண்ணு பிரசவத்துக்கு இருக்கா.”