எல்லையில் அவர், வாசலில் பூட்ஸ்

எங்கள் வேலூர்ப் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு பட்டாளத்துக்காரர் வீட்டு வாசலில்தான் விழவேண்டும். கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்றே பட்டப்பெயர் உண்டு. அப்படி விழுந்தவரை, “இன்னாப்பா, கீழ பார்த்து நடக்க மாட்டியா?” என்று முதலில் அதட்டிவிட்டு, பிறகு தண்ணீர் கொடுப்பவர் என் வீட்டுக்காரர். மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். 1758இல் தொடங்கிய அந்த ரெஜிமென்ட்டின் மொத்தப் பொறுப்பும் இப்போது எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

விடிவதற்கு முன்னும் பொழுது சாயும்போதும் எதிரி வருவான் என்று பட்டாளத்தில் ‘ஸ்டாண்ட் டூ’ என்றொரு வழக்கம். எல்லோரும் ஆயுதத்தோடு தயாராக நிற்கவேண்டும். எங்கள் வீட்டுக்கு அந்த இரண்டு வேளையிலும் வருபவர்கள் பால்காரரும் பூக்காரம்மாவும்தான். பால்காரர் இப்போதெல்லாம் கேட்டைத் தொடுவதற்கு முன்பே, யாரும் கேட்காமலே தன் பெயரைச் சொல்லிவிடுகிறார். ஓய்வூதியக்காரர் உயிரோடிருக்கிறாரா என்று அரசாங்கத்துக்கு வருஷத்துக்கொரு தரம் சந்தேகம் வரும். உயிர்ச் சான்று கேட்கும். எங்கள் தெருவைக் கேட்டால் போதும். தினமும் விடியற்காலையில் அவருடைய குரலில்தான் எல்லோரும் எழுந்திருக்கிறார்கள்.

சாதாரண நாளே இப்படி என்றால் தீபாவளியைக் கேட்கவே வேண்டாம். 2018இல் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு இரண்டு மணி நேரம்தான் என்றது; தமிழ்நாட்டில் அது காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று ஆயிற்று. ஊரே முகம் சுளித்தபோது இவர் முகம் மட்டும் மலர்ந்தது. சண்டை தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் முன்கூட்டியே எழுத்தில் கிடைப்பது எந்தச் சிப்பாய்க்கு வாய்க்கும்?

ஆறு மணி வெடிக்குப் பேரப்பிள்ளைகள் ஐந்தே முக்காலுக்கே ஃபால் இன். வாசலின் இரு பக்கமும் தண்ணீர் ஒன்று, மணல் ஒன்று என்று சிவப்புப் பெயின்ட் அடித்த வாளிகள். எரிந்து முடிந்த மத்தாப்புக் கம்பி நேராகத் தண்ணீருக்குள் போகவேண்டும். வெடிக்காத வெடியைக் குனிந்து பார்க்கிறவனுக்கு அன்று அதிரசம் கட். நைலானுக்குத் தடை, பருத்தி மட்டுமே அனுமதி. நான் புது ஷிஃபான் புடவையோடு வாசலுக்கு வந்தேன். “உள்ள போய் மாத்திட்டு வா” என்றார்.

சிப்பாய்களுக்குப் புதுத் தொப்பி, புது உடை விதி என்று கொண்டுவந்ததால் 1806 ஜூலை 10ஆம் தேதி கோட்டையே புரண்ட ஊர் இது என்று ஞாபகப்படுத்தினேன்.

“அவங்க கையில துப்பாக்கி இருந்திச்சி” என்றார்.

என் கையில் அதிரசத் தட்டு இருந்தது. துப்பாக்கியைவிட அது பெரிய ஆயுதம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவர் சொன்னது நியாயம் என்பதால் சுங்குடிக்கு மாறிக்கொண்டேன்.

அன்றைக்கே அவர் டிரில்லுக்கு வேலையும் வந்தது. பக்கத்து வீட்டுச் சின்னவன் சூடான கம்பியைப் பிடித்துவிட்டான். ஒரு அம்மா பற்பசையோடு ஓடிவந்தார், இன்னொருவர் பேனா மையோடு. இவர் இருவரையும் ஓரங்கட்டிவிட்டு, பையன் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிஷம் அசையாமல் நின்றார். பையன் அழுகையை நிறுத்தியது எரிச்சல் தணிந்ததாலா, இவர் மீசையைப் பார்த்தா என்பது இன்றுவரை தீராத கேள்வி. கொப்புளம் வரவில்லை, அது முக்கியம்.

அவருக்கும் ஒரு சிக்கல் உண்டு. சொல்லிவிட்டு வைக்கிற வெடிக்கு இமைகூட ஆடாது. சொல்லாமல் வைத்தால் உடம்பு தானாகத் தரையில் படுத்துவிடும். ஒரு தரம் முதுகுக்குப் பின்னால் அணுகுண்டு வெடிக்க, காபி டம்ளரோடு படுத்தார். காபி சிந்தவில்லை. “பார்த்தியா, டிரெயினிங்” என்று எழுந்தார். நான் சிரிக்கவில்லை, தெருப் பையன்களும் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் எங்கள் வாசலருகே திரி கிள்ளுவதற்கு முன், “தாத்தா, வெடி!” என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் வைக்கிறார்கள். அவரும் உள்ளேயிருந்து, “ஓகே!” என்று உத்தரவு தருகிறார்.

பண்டிகைக் காலத்தின் மற்ற அபாயங்கள் சத்தமில்லாமல் வரும். முதலாவது, சொந்தக்காரர்கள். ஆடியில் கூப்பிட்டாலும் வராதவர்கள், ஐப்பசியில், “அண்ணே, உடம்பு நல்லாயிருக்கா?” என்று விசாரிப்பார்கள். கேன்டீன் கோட்டாவைத்தான் விசாரிக்கிறார்கள். ரம் பாட்டில் எங்கே இருக்கிறது என்பது எங்கள் வீட்டில் ராணுவ ரகசியம். அவரிடமிருந்தும் காக்கப்படுகிற ரகசியம். இரண்டாவது, போன். “பென்ஷன் ஆபீஸ்லருந்து பேசறோம், ஓடிபி சொல்லுங்க” என்றான் ஒருவன். “மொதல்ல உன் நம்பர், ரேங்க், பேர், யூனிட் சொல்லு!” என்று இவர் போட்ட அதட்டலில் அவனே லைனைத் துண்டித்துவிட்டான்.

இந்த வெற்றிகளெல்லாம் சேர்ந்து தலைக்கேறி, பொங்கலுக்கு ஊருக்குப் போவதற்கு முன் எனக்கே பாடம் எடுக்க ஆரம்பித்தார். வீட்டைப் பூட்டிக்கொண்டு போனால் போலீஸ் ஸ்டேஷனில் சொல்லவேண்டும், பேப்பரை நிறுத்தவேண்டும், பகலில் லைட் எரிந்தால் திருடனுக்குத் தெரிந்துவிடும், இப்படி. “ஆள் இல்லாத வீடுன்னா என்னான்னு உனக்குத் தெரியாது” என்றார்.

எனக்கா தெரியாது? அவருடைய விலாசம் வெறும் ‘56 ஏ.பி.ஓ.’ என்ற ராணுவத் தபால் எண்ணாக இருந்த காலத்தில், பனிமலையிலா பாலைவனத்திலா என்றுகூடத் தெரியாமல், இரண்டு பிள்ளைகளோடு இந்த வீட்டில் இருந்தவள் நான். லீவில் வந்தபோது அவர் விட்டுப்போன பழைய பூட்ஸை வாசலில் வைத்திருந்தேன். வாரத்துக்கொரு தரம் அதில் கொஞ்சம் சேறு பூசுவேன். அவர் சட்டையைக் கொடியில் காயப் போடுவேன். ராத்திரி கதவு தட்டினால், “ஏங்க, யாருன்னு பாருங்க” என்று காலி அறையைப் பார்த்துக் குரல் கொடுப்பேன். ஊருக்குப் போனால் எதிர்வீட்டுப் பெண் எங்கள் வாசலிலும் கோலம் போட்டுவிடுவாள். கோலமில்லாத வாசலைவிடத் திருடனுக்கு வேறு அழைப்பிதழ் வேண்டாம். நாட்டு எல்லையை அவர் காத்தார். வீட்டை அவருடைய பூட்ஸ் காத்தது.

இதைக் கேட்டு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப இந்தத் தரம் காவலுக்கு யாரு?” என்றார்.

“நீங்கதான். நான் மட்டும் அம்மா வீட்டுக்குப் போறேன்.”

“எத்தினி நாளு?”

“உங்க பட்டாளக் கணக்குதான். வருஷாந்திர லீவு 60, கேஷுவல் லீவு 30. நான் சர்வீஸ்ல சேர்ந்ததிலிருந்து ஒண்ணுகூட எடுக்கல.”

“சாப்பாடு?”

“பொங்கல் வரைக்கும் ரேஷன் வெச்சிருக்கேன். அதுக்கப்புறம் லங்கர் சமையல் உங்க பொறுப்பு.”