கறுப்புக் கோட்டும் கணக்கும் ஒருசேரப் படிப்பது எப்படி?

சட்டத்தையும் நிதித் திட்டமிடலையும் சேர்த்து ஒரே படிப்பாகத் தரும் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டில் உண்டு. நம் பக்கத்தில் அதற்கு நெருங்கிய சொந்தம் ஐந்தாண்டு பி.காம்., எல்.எல்.பி. இதைப் படிக்க ஆசைப்படும் காரைக்குடி வட்டாரப் பிள்ளைகளுக்கும், ஃபீஸ் கட்டப்போகும் அப்பாக்களான அப்பச்சிமார்களுக்கும் இந்த வழிகாட்டி பயன்படும். படிகளை வரிசை மாறாமல் பின்பற்றவும். மாற்றினால் நிர்வாகம் பொறுப்பல்ல.

படி 1: வீட்டில் சொல்லுங்கள்

மதியச் சாப்பாடு முடிந்து அப்பச்சி சாய்வு நாற்காலியில் சாய்ந்த பிறகு பேச்சை எடுங்கள். "எத்தனை வருசம்?" என்பார். ஐந்து என்று சொன்னதும் பேச்சு தாத்தாவான ஐயா கைக்குப் போய்விடும். "அஞ்சு வருசத்துக்கு அந்தப் பணத்தப் போட்டு வச்சா வட்டி மட்டும் என்னாகும், தெரியுமா?" என்று கேட்டு, உங்கள் பதிலுக்குக் காத்திராமல் தொகையையும் அவரே சொல்லிவிடுவார். "கோர்ட்டு வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு நாங்க கும்பிட்டுக்கிட்டு இருக்கோம், நீ அங்கயே குடியிருக்கப் போறியாக்கும்" என்பார் ஆயா. அம்மான் மட்டும்தான் உற்சாகமாகக் கேட்பார்: "அப்ப நம்ம வீட்டுக் கேஸ நீயே நடத்திருவியா?"

அம்மானுக்கு எந்த வாக்குறுதியும் தராதீர்கள். வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தமே என்று முதலாண்டிலேயே பாடம் வரும்.

படி 2: கல்லூரியைத் தேர்ந்தெடுங்கள்

காரைக்குடிக்கே 2022ல் அரசு சட்டக் கல்லூரி வந்துவிட்டது. வணிகவியலுக்கு அழகப்பா கல்லூரி இருக்கிறது. பி.காம். மூன்றாண்டு, அதன்மேல் எல்.எல்.பி. மூன்றாண்டு, ஆக ஆறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிடலாமே என்று தோன்றும். பல்கலைக்கழக மானியக் குழு 2022ல் ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க அனுமதித்தது உண்மைதான். ஆனால் மூன்றாண்டு எல்.எல்.பி.யில் சேரவே கையில் ஒரு பட்டம் வேண்டும். தவிர, பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளும் இரட்டைக் குதிரைச் சவாரிக்கு இடம் தருவதில்லை.

ஆகவே இரண்டையும் சேர்த்தே கட்டித்தரும் ஐந்தாண்டுப் படிப்புதான் வழி. சென்னையில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளி இருக்கிறது; பிளஸ் டூ மதிப்பெண் போதும். திருச்சியில் தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்கு கிளாட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எதுவானாலும் ஆறு ஐந்தாகிறது, ஓராண்டு மிச்சம். இதை ஐயாவிடம் சொல்லுங்கள். அந்த ஓராண்டுக்கு வட்டி போட்டுப் பார்த்துச் சம்மதிப்பார்.

படி 3: நிதிப் பாடத்தை வீட்டிலேயே முடியுங்கள்

இந்த ஊரில் நிதிக்குப் பட்டம் கொடுத்த பழைய பல்கலைக்கழகத்தின் பெயர் பெட்டியடி. பள்ளிக்கூடத்தில் முந்திரி, காணி, மாகாணி என்று பின்ன வாய்பாட்டைத் தலைகீழாக ஒப்பித்த பையனை, மீசை முளைக்கும் முன்பே பர்மாவுக்கோ மலேயாவுக்கோ இலங்கைக்கோ கப்பலேற்றுவார்கள். அங்கே வட்டிக்கடைக் கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர வேண்டும். தவணை பெரும்பாலும் மூன்றாண்டு. படிப்புக் கட்டணம் கிடையாது. மாறாகச் சம்பளமே வரும். பேரேடும் குறிப்பேடும் எழுதி, வட்டிச் சிட்டை போட்டு, ஐந்தொகை எடுத்து, ஒரு காசு உதைத்தாலும் விளக்கை அணைக்காமல் உட்கார வேண்டும். ரங்கூனில் மாதம் ஒருமுறை கோயிலில் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். இன்று மும்பையில் ரிசர்வ் வங்கியின் ஆறு பேர் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடிச் செய்வதும் ஏறக்குறைய அதேதான், அர்ச்சனைத் தட்டுதான் இல்லை.

நீங்கள் ஐந்தொகையை முதலாண்டிலேயே 'டிரயல் பேலன்ஸ்' என்ற பெயரில் சந்திப்பீர்கள். தெரியாதது போலக் காட்டிக்கொள்வது நல்லது. தெரியும் என்றால் வகுப்பில் எல்லார் கணக்கும் உங்கள் தலையில்.

படி 4: சட்டம் எதற்கு என்று பர்மாவிடம் கேளுங்கள்

இவ்வளவு கணக்குத் தெரிந்தவர்களுக்குச் சட்டம் எதற்கு என்று யாராவது கேட்டால், பர்மாக் கதையைச் சொல்லுங்கள். நம்மவர்களான நகரத்தார் செட்டியார்கள் அங்கே நிலத்தை ஈடாக வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தார்கள். 1930 வாக்கில் உலக மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கியவர்களிடம் காசில்லை, நிலம்தான் இருந்தது. கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் நூற்றுக்கு ஆறாக இருந்த செட்டியார் நிலம், 1938க்குள் நூற்றுக்கு இருபத்தைந்து ஆனது. ஏட்டில் பார்த்தால் அமோகம். அந்த நிலத்தில் உழுதுகொண்டிருந்தவன் கண்ணால் பார்த்தால் வேறு கதை.

1942ல் ஜப்பான்காரன் வந்தான். 1948ல் பர்மா சுதந்திரம் பெற்றது, அதே ஆண்டில் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டமும் வந்தது. மூன்று தலைமுறை வட்டிச் சிட்டையை ஒரே சட்டம் மூடிவைத்தது. ஐந்தொகையில் ஒரு பைசா பிழையில்லை; பிழை ஐந்தொகைக்கு வெளியே இருந்தது. அடமானத்துக்குப் பின்னால் ஒரு சட்டமும், சட்டத்துக்குப் பின்னால் ஓர் அரசும், அரசுக்குப் பின்னால் கோபத்தோடு ஒரு ஜனமும் உண்டு என்பதை எந்தப் பெட்டியடியும் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்தக் கூட்டுப் படிப்பு நூறு வருடம் முந்தி வந்திருக்க வேண்டியது.

படி 5: செய்முறைத் தேர்வைச் சொந்த வீட்டில் எழுதுங்கள்

மாதிரி நீதிமன்றத்தில் மற்ற மாணவர்கள் கற்பனை வழக்குப் பேசுவார்கள். உங்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவின் இந்தக் கோடியில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீட்டில், தூணுக்குத் தூண் ஒரு வழக்கு சாய்ந்து நிற்கும்.

கட்டியவருக்கு மூன்று மகன், ஒவ்வொருவருக்கும் மூன்று, மறுபடியும் மூன்று என்று வையுங்கள். உங்கள் பங்கு இருபத்தேழில் ஒன்று. பழைய கணக்கில் பன்னிரண்டு முந்திரிக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது ஓர் அறை, பட்டாலையில் பாய் விரிக்கும் அளவு இடம், ஓடு மாற்ற வேண்டியபோது முழுச் செலவில் முழுச் சண்டை. விற்க இருபத்தேழு கையெழுத்து வேண்டும். அதில் நான்கு சிங்கப்பூரில், இரண்டு அமெரிக்காவில், ஒன்று பேச்சுவார்த்தையே இல்லாத பங்காளி வீட்டில். கையெழுத்து சேர்வதற்குள் கதவும் தூணும் கழன்று முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்குப் போய்விடும்.

இதில் பெண் பிள்ளைகளைக் கணக்கில் சேர்த்தீர்களா? "சீர் செஞ்சாச்சே, அதுக்கு மேல என்ன பங்கு?" என்று வளவில் குரல் வரும். தமிழ்நாடு 1989லேயே சட்டத்தைத் திருத்தி, மணமாகாத பெண்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்தது. 2005ல் மத்தியச் சட்டம் எல்லாப் பெண்களுக்கும் அதை விரித்தது. அப்பா 2005க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளின் உரிமை நிற்கும் என்று 2020ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சீர் சாமான் பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும், அது விடுதலைப் பத்திரம் ஆகாது. இதை உரக்கச் சொல்லும் முன் உங்களுக்கு அக்கா தங்கை எத்தனை பேர் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அக்கா நீங்களே என்றால் தாராளமாகச் சொல்லலாம்.

படி 6: கல்யாண வீட்டில் இலவச ஆலோசனை வழங்குங்கள்

இரண்டாமாண்டு முதல் எந்தப் பந்தியிலும் நீங்கள் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. கேள்விகள் மூன்றுதான். பதிலை மனப்பாடம் செய்துகொண்டால் பணியாரம் ஆறுவதற்குள் முடித்துவிடலாம்.

"நாமினி போட்டாச்சு, உயில் எதுக்கு?" நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் கை, வாங்கியது வாரிசுகளுக்குப் போக வேண்டும். கம்பெனிப் பங்குகளுக்கும் இதுதான் நிலை என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், துணை, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அவர்களுக்கே சொந்தம்.

"உயிலுக்கு முத்திரைத்தாள் வாங்கணுமா?" வேண்டாம். வெள்ளைத்தாள் போதும். இரண்டு சாட்சி கட்டாயம். பதிவு செய்வது உங்கள் விருப்பம், செய்தால் பின்னால் வாய்தா குறையும்.

"புரோநோட்டு பீரோவுல பத்திரமா இருக்கு, பணம் எங்க போயிரும்?" கேட்டவுடன் தர வேண்டிய புரோநோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து மூன்றாண்டுதான் ஆயுள். நடுவில் வட்டியோ அசலில் கொஞ்சமோ வரவு வைத்து எதிராளியின் எழுத்தோ கையெழுத்தோ வாங்காவிட்டால், பீரோவில் இருப்பது நினைவுப் பரிசு.

வட்டி விகிதத்தை யாராவது காதோடு சொன்னால், 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டத்தை நினைவுபடுத்திவிட்டு இலையை மடியுங்கள்.

படி 7: படித்த சட்டம் மாறும்போது பதறாதீர்கள்

2024 ஜூலை 1ல் இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. தமிழ் சினிமாவும் திண்ணைப் பேச்சும் போற்றி வளர்த்த 420, இப்போது 318ஆம் பிரிவு. ஏமாற்றுபவர்கள் தொழிலை மாற்றவில்லை, எண்ணைத்தான் அரசு மாற்றியது. வருமான வரிக்கும் 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஓய்வு பெற்று 2025ஆம் ஆண்டுச் சட்டம் வந்திருக்கிறது. ஆக, சீனியரிடம் பழைய நோட்டு வாங்கிப் படிக்கும் பாரம்பரிய நிதித் திட்டமிடல் இனிச் செல்லாது.

படி 8: தொழிலில் இறங்குங்கள், அதாவது ஒரு காலை மட்டும் வைத்து

பட்டம் வாங்கி, பார் கவுன்சிலில் பதிந்து, அகில இந்திய பார் தேர்வும் முடித்தாயிற்று. இனி ஒரு பலகையில் 'வக்கீல்', மறு பலகையில் 'முதலீட்டு ஆலோசகர்' என்று எழுதி மாட்டலாமே? கூடாது. வக்கீல் தானே முன்னின்று வியாபாரம் செய்யக் கூடாது, விளம்பரம் கூடாது, முழுநேரச் சம்பள வேலையும் கூடாது என்கின்றன விதிகள். வேண்டுமானால் ஒரு நிறுவனத்தில் உறங்கும் கூட்டாளியாக இருக்கலாம். அதாவது ஐந்து வருடம் கண்விழித்துப் படித்த நிதிப் பாடத்தைத் தூங்கிக்கொண்டுதான் பயன்படுத்த வேண்டும்.

கவலை வேண்டாம், சந்து ஒன்று உண்டு. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி முதலீட்டு ஆலோசகர்களுக்கு வகுத்த 2013 விதிகள், வக்கீல் தொழிலின் கூடவே தன் கட்சிக்காரருக்கு முதலீட்டு யோசனை சொல்லும் வக்கீலுக்குப் பதிவிலிருந்து விலக்கு அளிக்கின்றன. பாகப்பிரிவினை முடித்துக் கொடுத்து, வந்த பணத்தை எங்கே போடலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். செட்டிநாட்டில் முதல் வேலை முடிந்தால்தானே இரண்டாவது என்கிறீர்களா? அதுவும் சரிதான்.

படி 9: முன்னோடிகளை அளவோடு பின்பற்றுங்கள்

1906ல் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகிச் சென்னையே அழுதபோது, வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் நகரத்தார் முதலையும் சேர்த்துக்கொண்டு அடுத்த ஆண்டே இந்தியன் வங்கியைத் தொடங்கினார். கோட்டும் கணக்கும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

இரண்டும் ஒரே ஆளுக்குள் உட்கார்ந்த கதையும் பக்கத்திலேயே இருக்கிறது. கோட்டையூரில் 1909ல் பிறந்த அழகப்பச் செட்டியார் லண்டனில் பாரிஸ்டர் படித்தார், சார்ட்டர்டு பாங்கில் பயிற்சியும் பெற்றார். சம்பாதித்ததை என்ன செய்தார்? 1947ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். குடியிருந்த வீட்டையும் மகளிர் கல்லூரிக்குத் தந்தார். எந்த நிதி ஆலோசகரும் பரிந்துரைக்காத திட்டம் இது. அந்த முதலுக்கு வட்டி இன்றும் ஊருக்கு வந்துகொண்டிருக்கிறது.

முடிவாக

கணக்குத் தெரிந்து சட்டம் தெரியாவிட்டால் சொத்து போகும். சட்டம் தெரிந்து கணக்குத் தெரியாவிட்டால் வழக்கு மட்டும் மிஞ்சும். செட்டிநாடு இரண்டுக்கும் தனித்தனியே ஃபீஸ் கட்டிவிட்டது. சேர்த்துப் படிப்பது சிக்கனம். விண்ணப்பம் போடும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். பெட்டகத்தில் இருக்கும் வீட்டு மூலப் பத்திரத்தைக் கேட்டு வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசிக் கைநாட்டு வரை படித்துப் பாருங்கள். புரிந்தால் இந்தப் படிப்பு உங்களுக்கு வரும். புரியாவிட்டால், இந்தப் படிப்பு உங்களுக்குக் கட்டாயம் வேண்டும்.