எதிர்ப்பு சக்தி ஜாஸ்தியான ஆள்

"எனக்கு ஈஸ்னோபீலியா இருக்குங்க." புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் நின்று ரெண்டு தும்மல் போட்டால் போதும், பக்கத்தில் நிற்கிறவர் இப்படி ஆரம்பித்துவிடுவார். நானும் பல வருஷம் இதே வசனத்தைச் சொல்லித் திரிந்தேன். சளி என்றால் ஒருத்தரும் மதிப்பதில்லை. ஈஸ்னோபீலியா என்றால் உட்கார இடமாவது கொடுப்பார்கள்.

ஈஸ்னோபில் என்பது ஏதோ ஒரு கிருமி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மெடிக்கல் ஷாப்பில் போய், "அந்தக் கிருமியைக் கொல்ற மாத்திரை குடுங்க" என்று கேட்டேவிட்டேன். பையன் செட்டிரிசின் கொடுத்தான். போட்டுக்கொண்டேன். கிருமியோடு போராடிய களைப்பு என்று ஆபீஸில் நன்றாகத் தூங்கினேன்.

அது கிருமியே இல்லையாம். என் சொந்த ரத்தத்தில் ஓடுகிற வெள்ளணு. 1879-இல் பால் எர்லிக் என்ற ஜெர்மானியர் ஈஸின் என்ற சாயத்தை விட்டுப் பார்த்தபோது சிவந்து காட்டிக்கொடுத்த அணு. பிரெஞ்சுக்காரர்கள் 1823-லேயே மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் இது. அதன் வாரிசுதான் இன்றைய ஜிப்மர். இரண்டு நூற்றாண்டு மருத்துவக் காற்று வீசியும் என்மேல் மூக்கடைப்புதான் ஒட்டியது.

எதிர் வீட்டில் ஒரு சொல்தா தாத்தா. பிரெஞ்சு ராணுவத்துப் பென்ஷன், எல்லாவற்றுக்கும் ஒரு யோசனை. "ராத்திரியில இருமுறியா தம்பி? அப்ப அது யானைக்கால் பூச்சிதான். ஹெட்ரசான் சாப்புடு" என்றார். பாரிஸ் பார்த்த மனுஷன் சொல்கிறாரே என்று டாக்டரிடம் போகாமலே விழுங்கினேன்.

தாத்தா சொன்னதில் பாதி நிஜம், அதுதான் வம்பே. 1940-இல் மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையில் ஃப்ரிமோட்-மோலரும் பார்ட்டனும் ஒரு விசித்திரத்தைக் கவனித்து எழுதினார்கள். பார்த்தால் காசநோய் மாதிரியே இருக்கும், ஆனால் ரத்தத்தில் ஈஸ்னோபில் எக்கச்சக்கம். 1943-இல் வைன்கார்ட்டன் என்பவர் அதற்கு 'டிராப்பிகல் ஈஸ்னோபீலியா' என்று பெயர் வைத்தார். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் நுரையீரலில் மாட்டிக்கொள்ள, அவற்றைத் தாக்கப் போன ஈஸ்னோபில்கள் நுரையீரலையே புண்ணாக்கிவிடுகின்றன என்பது பின்னால்தான் புரிந்தது. ரத்தத்தில் தேடினால் புழு கிடைக்காது. 500-க்குள் இருக்கவேண்டிய ஈஸ்னோபில் கணக்கு மட்டும் 3,000-ஐத் தாண்டும். இருமல் ராத்திரியில் வரும். யானைக்கால் எங்கள் ஊரில் நிஜமாகவே பெரிய தொல்லையாக இருந்ததுதான். நோய் பரப்பும் கொசுக்களை ஆராய 1975-இல் இங்கே ஒரு மத்திய நிறுவனமே வந்தது. ஆக, தாத்தாவின் வைத்தியம் சரி. ஆள்தான் தப்பு.

எனக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. "மருந்து வேலை செய்யுது" என்றார் தாத்தா. கடைசியில் டாக்டரிடமே போனேன். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "உங்களுக்குப் புழுவே இல்ல சார். அந்த அணுவுக்கு வேலை இல்ல. சும்மா இருக்க முடியாம தூசியோட சண்டை போடுது." வேலையில்லாத நேரத்தில் வம்பு வளர்ப்பது எங்கள் குடும்பத்தில் சகஜம் என்பதால் உடனே நம்பினேன்.

தூசி எங்கிருந்து வருகிறது? காந்தி வீதி ஞாயிறு சந்தையிலிருந்து, என் கையால்தான். பழைய பிரெஞ்சுப் புத்தகம் எங்கே கிடந்தாலும் வாங்கிவிடுவேன். பிரெஞ்சு தெரியாது. அலமாரியில் இருந்தால் வருகிறவர்கள் மரியாதையாகப் பேசுவார்கள் அல்லவா? அதிலிருக்கிற தூசிப்பூச்சி கண்ணுக்குத் தெரியாது. நம் தோல் உதிர்வதைத் தின்று, கடற்கரை ஈரக்காற்றில் சுகமாக வாழும். அந்தப் புத்தகங்களால் வயிறு நிறைந்த ஒரே ஜீவன் அதுதான்.

இறால் விஷயத்துக்கு வருகிறேன். சாப்பிட்டால் உதடு நமநமக்கும். இதற்குப் போய் இறாலை விடமுடியுமா? கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டால் உடம்புக்குப் பழகிவிடும் என்று ஒரு தியரி கண்டுபிடித்தேன். உங்களில் சிலரும் இதே தியரி வைத்திருப்பீர்கள், தெரியும்.

சார்ல் ரிஷே என்ற பிரெஞ்சு விஞ்ஞானியும் ஏறக்குறைய இப்படித்தான் நினைத்தார். கடல் அனிமோனின் விஷத்தைச் சிறிதாக ஏற்றி நாய்களைப் பழக்கலாம் என்று அவரும் போர்த்தியேவும் பார்த்தார்கள். நெப்டியூன் என்ற நாய் முதல் ஊசியைத் தாங்கியது. மூன்று வாரத்துக்கு மேல் கழித்துச் சின்ன அளவில் மறுபடி போட்டதும் 25 நிமிஷத்தில் செத்துப்போனது. 1902-இல் அதற்கு 'அனாஃபிலாக்சிஸ்' என்று பெயர் வைத்தார். 1913-இல் நோபல் வாங்கினார். அதே தப்புக்கு எனக்கு வீங்கிய உதடு கிடைத்தது.

முதல் தடவையில் உடம்பு குறிப்பெடுத்து வைத்துக்கொள்கிறது. ஐஜிஈ என்ற எதிர்பொருள் மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். மறுபடி இறால் வந்ததும் மாஸ்ட் செல் ஹிஸ்டமினைக் கொட்டும், ரத்தக்குழாய் கசியும், வீக்கம், அரிப்பு. டாக்டர் மேற்பார்வையில் பழக்குவது வேறு, மாமியார் வீட்டுப் பந்தியில் பழகுவது வேறு. பந்தியிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே பெயர் கேட்டார்கள். வீங்கிய உதட்டோடு நான் சொன்னதைக் கேட்டு நர்ஸம்மா, "பிரெஞ்சு சிட்டிசனா?" என்றார். வாழ்க்கையில் அன்றைக்குத்தான் எனக்குப் பிரெஞ்சு வந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. இறாலில் இருக்கும் டிரோபோமயோசின் என்ற புரதம் தூசிப்பூச்சியிலும் கிட்டத்தட்ட அதே ஜாடையில் இருக்கிறது, கரப்பானிலும்தான். ஒன்றைக் கண்டு மிரண்ட உடம்பு மற்றதையும் பார்த்து மிரளலாமாம். என் அலமாரியும் என் தட்டும் கூட்டுச் சதி.

கொரோனா சமயத்தில் எதிர்ப்பு சக்தி ஏற்றுகிறேன் என்று கபசுரம், ஜிங்க், விலை அதிகமான ஏதோ பொடி என்று எதையும் விடவில்லை. "உங்களுக்குக் கம்மி இல்ல சார், ஜாஸ்தி" என்றார் டாக்டர். ஜாஸ்தி என்றால் நல்லதுதானே என்று கேட்டேன். மூச்சுத்திணறி ஆக்சிஜனில் கிடந்த நோயாளிகளைக் காப்பாற்ற 2020-இல் கைகொடுத்தது டெக்சாமெதசோன், அதாவது எதிர்ப்பு அணுக்களின் ஆட்டத்தை அடக்குகிற ஸ்டீராய்டு என்றார். பொடி டப்பாவை மச்சானுக்குக் கொடுத்துவிட்டேன்.

மச்சானிடம் அதற்கு முன்பே பெரிதாக அளந்துவிட்டிருந்தேன். "தூசிக்கே இப்படிக் கிளம்பற என் அணுக்கள் கேன்சரை விட்டு வைக்குமா?" என்று. அப்புறம் படித்துப் பார்த்தேன். சில புற்றுநோய்களில் அலர்ஜிக்காரர்களுக்கு ஆபத்து கொஞ்சம் குறைவாகத் தெரிகிறது, சிலவற்றில் நேர்மாறு. கட்டியோ பலே கில்லாடி. ஆறாத புண் மாதிரி நடித்து, புண்ணை ஆற்ற வருகிற மேக்ரோஃபேஜ்களைக் கொண்டே தனக்கு ரத்தக்குழாய் போட்டுக்கொள்ளும். கொல்ல வருகிற டி செல்லின் பிடி-1 என்ற பிரேக்கை அழுத்திவிடும். அந்த பிடி-1-ஐ 1992-இல் கண்டுபிடித்த ஹோன்ஜோவும், சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு பிரேக்கை விடுவித்துக் காட்டிய அலிசனும் 2018-இல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். பிரேக்கை எடுக்கிற மருந்து பலருக்கு உயிர் கொடுத்திருக்கிறது. சிலருக்கு அதே டி செல்கள் திரும்பி வந்து குடலையும் தைராய்டையும் பதம் பார்த்திருக்கின்றன.

போன வாரம் மச்சானிடம் என் தியரியை வாபஸ் வாங்கப் போனேன். ரெகுலேட்டரி டி செல் என்று ஒன்று இருக்கிறது, மற்ற அணுக்களை அடக்கி வைப்பதே அதன் வேலை, ஜப்பான்காரர் சாகாகுச்சி 1995-இல் கண்டுபிடித்தார், இரண்டு அமெரிக்கர்களோடு 2025-இல் நோபல் வாங்கினார், புற்றுநோய்க் கட்டியைச் சுற்றி அது தேவைக்கு மேல் கூடிக்கொள்ளும், அலர்ஜிக்காரர்களிடம் அதன் பிடி சரியாக இருக்காது என்று மூச்சு விடாமல் விளக்கினேன்.

மச்சான் பொறுமையாகக் கேட்டார். "அப்ப உங்க உடம்புக்குள்ளயும் உங்களை அடக்க ஆள் இல்லன்னு சொல்லுங்க" என்றார்.

என் மனைவி சமையலறையிலிருந்தே சிரித்தாள். எனக்கு அதற்குள் தும்மல் வந்துவிட்டது.