சூடோ ஆப்ட் இன்ஸ்டால்: ஒரு பதவுரை

விண்டோஸில் கை பழகியவர் லினக்ஸுக்கு வந்ததும் பிரவுசரைத் திறக்கிறார். வேண்டிய மென்பொருளின் பெயரை அடித்து டவுன்லோடு பொத்தானைத் தேடுகிறார். எங்கோ ஒரு எக்ஸ்இ ஃபைல் கிடைக்கிறது. லினக்ஸில் அது நேரடியாக ஓடாது. புதியவர்களைத் தடுப்பது டெர்மினலின் கறுப்புத் திரை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இணையத்தில் அலைந்து தேடும் அந்தப் பழக்கம்தான் முதலில் விட வேண்டியது.

உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் விஎல்சி மீடியா பிளேயர் வேண்டுமா? டெர்மினலில் ஒரு வரி போதும்: சூடோ ஆப்ட் இன்ஸ்டால் விஎல்சி. நான்கே சொற்கள். சூத்திரத்துக்கு உரை எழுதுவதுபோல ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிக்கத் தகுந்த வரி இது.

‘சூடோ’ அதிகாரம் கேட்கும் சொல். 1980 வாக்கில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது. நிர்வாகியின் அதிகாரத்தை இந்த ஒரு கட்டளைக்கு மட்டும் பெற்றுத் தருகிறது. பாஸ்வேர்டு அடிக்கும்போது பெரும்பாலும் திரையில் ஒரு புள்ளிகூட வராது. கீபோர்டு பழுதில்லை, எத்தனை எழுத்து என்பதையும் அருகில் நிற்பவர் அறியக் கூடாது என்பதற்காக அப்படி.

‘ஆப்ட்’ என்பதில்தான் நின்று பேச வேண்டும். அதன் பிறப்பிடம் டெபியன் என்ற லினக்ஸ் வகை. இயன் மர்டாக் 1993 ஆகஸ்டில் அதைத் தொடங்கினார். அங்கே மென்பொருள் ஒவ்வொன்றையும் தன்னார்வலர்கள் சோதித்து, பேக்கேஜாகக் கட்டி, பொதுக் களஞ்சியத்தில் வைக்கிறார்கள். ஒரு பேக்கேஜ் ஓட இன்னொன்று வேண்டும், அதற்கு மற்றொன்று. டிபிகேஜி என்ற கருவி கையில் கொடுத்ததை நிறுவும். குறைவதைத் தானே போய் எடுத்து வராது. 1999-இல் டெபியன் 2.1-உடன் வந்த ஆப்ட், அந்தச் சங்கிலி முழுவதையும் கணக்கிட்டு எடுத்து வந்தது. களஞ்சியத்தின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கும் வேலையும் பின்னாளில் அதனிடம் சேர்ந்தது. டெபியனை அடித்தளமாகக் கொண்டு 2004-இல் வந்த உபுண்டுவுக்கும் இதுவே வழி.

இப்படி ஒன்றுக்கு இன்னொன்று தேவைப்படும் சார்புகள் தொல்லை என்று நினைப்பவர்கள் 2014 ஏப்ரலை நினைத்துப் பார்க்கலாம். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானது. அந்த நூலகத்தைப் பல நிரல்கள் பொதுவில் பயன்படுத்தின. களஞ்சியத்திலிருந்து அதைப் புதுப்பித்து நிரல்களை மறுபடி தொடங்கினால், எல்லாவற்றிலும் அந்த ஓட்டை அடைபட்டது. தனித்தனியாகத் தம் பிரதியைச் சுமக்கும் நிரல்களை ஒவ்வொன்றாகத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

‘இன்ஸ்டால்’ வினை. அதன் கூட்டாளிகளில் குழப்பம் தருபவை இரண்டு: ‘அப்டேட்’ களஞ்சியத்தின் பட்டியலை மட்டும் புதுப்பிக்கும், மென்பொருளைப் புதுப்பிப்பது ‘அப்கிரேடு’. நீக்குவதிலும் நுணுக்கம் உண்டு. ‘ரிமூவ்’ கணினி அளவிலான அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும், ‘பர்ஜ்’ அவற்றையும் எடுத்துவிடும். உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருப்பதை இரண்டுமே தொடாது.

நான்காவது சொல் நீங்கள் கேட்கும் பொருளின் பெயர். அதில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் பேக்கேஜ் இல்லை என்றே பதில் வரும். பெயர் தெரியாவிட்டால் ‘ஆப்ட் சர்ச்’ தேடித் தரும்.

எல்லாமே களஞ்சியத்தில் இருக்காது என்பது உண்மை. சில நிறுவனங்கள் தங்கள் மென்பொருளை டெப் என்ற பேக்கேஜ் ஃபைலாகத் தருகின்றன. பிளாட்பேக், ஸ்னாப் என்ற வேறு பேக்கேஜ் வகைகள் தேவையானதைப் பெரும்பாலும் தங்களோடு கட்டிக்கொண்டு வருகின்றன. இவற்றில் குற்றமில்லை. என் கவலை வேறு. பலர் இணையத்தில் கண்ட ஒரு நீண்ட வரியை, முன்னால் சூடோ இருப்பதைக்கூடப் பார்க்காமல் ஒட்டி என்டர் தட்டுகிறார்கள். எங்கிருந்தோ இறக்கிய செட்டப் ஃபைலுக்கு ‘யெஸ்’ கொடுத்த அதே கைதான் இது. விண்டோஸுக்கே 2020-இல் விங்கெட் என்ற இதேபோன்ற கருவி வந்துவிட்டது. இந்தப் பக்கம் வந்தவர் பழைய வழிக்குத் திரும்ப வேண்டியதில்லை. ஐயம் வந்தால் ‘ஆப்ட் பாலிசி’ என்று அடித்துப் பேக்கேஜ் பெயரைச் சேருங்கள்: எந்தப் பதிப்பு, எந்தக் களஞ்சியத்திலிருந்து வரப்போகிறது என்று நிறுவுவதற்கு முன்பே காட்டிவிடும்.