மோசேக்கு ஏன் கொம்பு?

கேள்வி: ரோமில் மைக்கலாஞ்சலோ செதுக்கிய மோசே சிலையின் தலையில் இரண்டு கொம்புகள் இருக்கின்றனவே, ஏன்?

பதில்: எல்லாம் மூன்றே எழுத்துகள் செய்த வேலை. யாத்திராகமம் 34-ஆம் அதிகாரத்தில் மோசே சீனாய் மலையிலிருந்து இறங்கி வரும்போது, அவர் முகத்தின் தோல் 'காரன்' ஆயிற்று என்கிறது எபிரேய மூலம். 'காரன்' என்பதை 'ஒளி வீசியது' என்று கொள்ளலாம்; 'கெரென்' என்றால் கொம்பு. இரண்டுக்கும் எழுத்து கோஃப், ரேஷ், நூன்தான். பழைய எபிரேயத்தில் உயிர்க்குறிகள் கிடையாது. புள்ளி வைக்காத நம் ஓலைச்சுவடியைப் போல, இடம் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். பெத்லகேமில் உட்கார்ந்து லத்தீனில் பெயர்த்த ஜெரோம் 'கொம்புள்ள' என்று எழுதினார். அந்த லத்தீன் பைபிள்தான் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மேற்கு ஐரோப்பாவை ஆண்டது. சிற்பிகள் உளியை எடுத்துவிட்டார்கள்!

ஜெரோமைத் திட்டிவிடாதீர்கள். இதே வினை வேதத்தில் வேறு ஒரே இடத்தில், 69-ஆம் சங்கீதத்தில் வருகிறது. அங்கே பேச்சு கொம்புள்ள காளையைப் பற்றி. மனிதர் பாவம், என்ன செய்வார்?

ஆனாலும் என் ஓட்டு ஒளிக்குத்தான். வசனம் தலையைச் சொல்லவில்லை, முகத்தின் தோலைச் சொல்கிறது. கொம்பு முளைப்பது கன்னத்திலா? ஆபகூக் 3:4-இல் 'கெரென்' என்ற சொல்லின் இரட்டை வடிவம் கடவுளின் கையிலிருந்து வீசும் கதிர்களைக் குறிக்கிறது. ஜெரோமுக்குப் பல நூற்றாண்டு முன்பே கிரேக்கத்தில் பெயர்த்தவர்களும் 'மகிமை பெற்றது' என்றுதான் எழுதினார்கள். மேலும், மோசே ஜனங்களுக்காக முக்காடு போட்டது முகத்துக்கு. கொம்பு என்றால் தலைப்பாகையல்லவா தேடியிருப்பார்!