கூப்பிட்டா வந்துடுவான்

காலையில் அடுக்குமாடி வாசலில் செயினைக் கையில் பிடித்தபடி நிற்பாரே, அவரேதான். செயினின் மறுமுனையில் நாய் இருக்காது. அது எங்கே என்பது வாட்ச்மேனுக்கே வெளிச்சம்.

மற்றபடி சார் தங்கமானவர். மெயின்டனன்ஸ் பணத்தை முதல் தேதியே கட்டிவிடுவார். நாய்க்கு ரேபீஸ் ஊசி வருஷம் தவறாது. டாஷ்ஹண்ட் அல்லவா, நீள முதுகு. படி இறங்கினால் டிஸ்க் கெட்டுவிடும் என்று இடுப்பில் தூக்கிக்கொண்டே இறங்குவார். தரைக்கு வந்ததும்தான் வினை. சுற்றுமுற்றும் பார்ப்பார். ஆள் இல்லாவிட்டால் செயினைக் கழற்ற மாட்டார், இருந்தால்தான் கழற்றுவார். நாயின் ஒழுக்கத்துக்குச் சாட்சி வேண்டாமா?

"பாருங்க, கூப்பிட்டா வந்துடுவான்."

கொக்கி 'டிக்' என்றதும் புரூனோ ஒரு வினாடி அவரையே நிமிர்ந்து பார்க்கும். பாசம் என்று அவர் பூரிப்பார். கழன்றுவிட்டதா என்று அது சரிபார்த்துக்கொள்கிறது. அடுத்த வினாடி, டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துப் பெருச்சாளி வளையில் வால் மட்டும் வெளியே தெரியும்.

"புரூனோ, கம்!" முதலில் இங்கிலீஷ்தான். பிறகு, "டேய், வாடா!" அதற்கும் அசையாவிட்டால், "கண்ணா, என் செல்லமில்ல, அப்பா பிஸ்கட் தரேன்டா!"

ஜெர்மனியில் பேட்ஜர் என்கிற வளைப் பிராணியைப் பிடிக்க வளர்த்த சாதி இது. மண்ணுக்கடியில், எஜமான் குரல் எட்டாத இருட்டில், தானே முடிவெடுக்கிற நாயாகப் பார்த்துப் பொறுக்கி வளர்த்திருக்கிறார்கள். சொன்னால், "நம்ம புரூனோ அப்படியில்ல சார்" என்பார். கூடவே, 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் சின்னமே டாஷ்ஹண்ட்தான் என்று பெருமை. உண்மைதான். அந்த வருஷ மாரத்தான் பாதையைக்கூட இந்த நாயின் உருவத்தில்தான் போட்டார்களாம். நாங்கள் தினமும் ஓடுவது அதில்தான் போலிருக்கிறது.

ஓடுவது நானும் வாட்ச்மேனும் இஸ்திரிக்காரரும். சார் ஓட மாட்டார். "துரத்தாதீங்க, விளையாட்டுன்னு நினைச்சுக்கும்" என்று நின்ற இடத்திலிருந்தே உத்தரவு. கடைசியில் வாட்ச்மேன் வளையிலிருந்து உருவியெடுத்து, மூக்கெல்லாம் மண்ணோடு கொண்டுவந்து கொடுப்பார். அவர் முகத்தை அது நக்கித் தீர்த்திருக்கும். அந்த மூஞ்சியைப் பார்த்தால் எனக்கும் கோபம் போய்விடும், சார் வாயைத் திறக்கும் வரை.

"பாத்தீங்களா? கூப்பிட்டேன், வந்துட்டான்!"

போன வாரம் பால் போடுகிற பையனின் சைக்கிளுக்குக் குறுக்கே பாய்ந்தது. பையன் விழுந்தான், முட்டி பெயர்ந்தது, பாக்கெட்டெல்லாம் தரையில். சார் முதலில் நாயைத்தான் தடவிப் பார்த்தார். பிறகு பையனிடம், "பாத்து வரக்கூடாதாப்பா?" என்றார்.

சார், நாயைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அதன் பிறவிப் புத்தி அது. கழற்றுவது நீங்கள். ஓடவிட ஆசையாக இருந்தால் ஐந்து மீட்டர் கயிறு கடையில் கிடைக்கிறது. வாங்கிக் கட்டுங்கள். காசு நான் தருகிறேன். முதலில் அந்தப் பையனுக்குப் பால் பணத்தைக் கொடுங்கள்.