டாக்டரம்மாவுக்குத் தாத்தா வைத்தியம்

வா தாயி! கண்ணு ரெண்டும் குழிக்குள்ள கெடக்கு. நீ ஆஸ்பத்திரியில டாக்டரா, இல்ல சொல்லாம ஓடியாந்த நோயாளியா?

எம்.எஸ். சர்ஜரி சீட்டுக் கெடச்சதும் ஊருக்கே மிட்டாய் குடுத்தேன், பேத்தி கத்தி பிடிக்கப் போறான்னு. மொத வருசம் பூரா, வெட்டுன எடத்த விரிச்சுப் பிடிக்கிற ரிட்ராக்டரத்தான் பிடிக்க விட்டாகளாம். மிச்ச நேரத்துக்கு டிஸ்சார்ஜ் சம்மரி, பிளட் பேங்க் ஓட்டம், தீசிஸ். சோறு எப்பன்னு கேட்டா முழிக்கிற.

தூங்காம கெடந்தாத்தான் சர்ஜன்னு ஒன் சீனியரு சொல்றாராம்ல? அந்த வழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி போட்ட ஹால்ஸ்டெட்டு கதைய நீதான சொன்ன? 1889-ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்குள்ளயே பயிற்சி டாக்டருகளக் குடிவச்ச மகராசன். அவரே கொக்கெய்னுக்கும் மார்பினுக்கும் அடிமை. நீயோ ஆறிப்போன கேன்டீன் டீயில ஓடுற. ஒனக்கும் அவருக்கும் என்ன போட்டி?

அந்த அமெரிக்காவுலயே 2003-ல, பயிற்சி டாக்டருகக்கிட்ட வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல வேல வாங்காதன்னு கட்டுப்பாடு போட்டுட்டாக. நம்ம மருத்துவ ஆணையமும் 2023 விதியில வாரம் ஒருநாள் ஓய்வு, வருசத்துக்கு 20 நாள் விடுப்புன்னு எழுதி வச்சிருக்கு. எழுதுனவுக நல்லாத்தான் தூங்குறாக.

நேத்துப் போன்ல, 'பன்னெண்டாம் பெட் அப்பெண்டிக்ஸ்'னு சொன்ன. அந்த மனுசனுக்கு ஆத்தா அப்பன் பேரே வைக்கலையா? திட்டல தாயி, ஈரம் வத்துனா அப்பிடித்தான் பேச்சு வரும். தண்ணி வத்துன கெணத்துல மோட்டார ஓட்டுனா காயில் கருகும். மோட்டாருக்குக் காயில் கட்ட டவுன்ல ஆளிருக்கு, ஒனக்கு?

இனி என் வைத்தியத்தக் கேளு. வந்த ரெண்டு நாளும் தூங்கு. கோழி கூவி எழுப்புச்சுன்னா அன்னைக்கே அது கொழம்பு. யூனிட் குரூப்பத் தொறக்காத. திரும்பிப் போனதும் வார ஓய்வ எழுத்துல கேளு; வாயால கேட்டா சீஃப் காதுக்கு ஏறாது. கூடப் படிக்கிற பிள்ளைகளோட டூட்டிய முறை வச்சு மாத்திக்க. தூங்கியும் மனசு தெளியலன்னா மனநல டாக்டரப் பாரு. வெக்கமா? ஒங்கிட்ட மூலத்தக் காட்ட வர்றவன் எம்புட்டு வெக்கத்த விட்டுட்டு வர்றான்! நடுராத்திரின்னா மனநல உதவி எண் 14416-க்கு அடி, காசு கெடையாது.

நானும் குடலிறக்கத்த வேட்டிக்குள்ள மறைச்சுக்கிட்டு, பேத்தி கையாலதான் ஆபரேசன்னு காத்துக் கெடக்கேன். கண்ணு சொருகுற டாக்டருக்கு என் வயித்தக் குடுக்க மாட்டேன். போ, போயிப் படு.